கிளிமஞ்சாரோவுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலையேற்றக் குழு ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நடைக் குழுக்கள், மாரத்தான் குழுக்கள், பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆள் திரட்டித் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்கு அழைத்துச் செல்லும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் சேர்த்த பன்னிரண்டு பேரில் ஒருவனாக, 2023 ஆகஸ்ட் மாதம் மச்சாமே வழியில் ஆறு நாள் திட்டத்தில் நானும் சென்றேன். 5,895 மீட்டர் உயரத்திலுள்ள உஹுரு சிகரத்தைத் தொட்டேன். மலை அடங்கிய தேசியப் பூங்காவின் அலுவலகம் கொடுத்த சான்றிதழும் வீட்டில் இருக்கிறது. ஆகவே ஏற முடியாமல் போனவனின் மனக்குறையாக இதைக் கொள்ள வேண்டாம். அந்த ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் ஒருவர் மட்டும் அப்படிச் செய்பவராக இருந்தால் அவரிடமே பேசி முடித்திருப்பேன். அண்மையில் என் கைப்பேசிக்கு வந்த நான்கு அறிவிப்புகளில் மூன்று 'ஆறு நாள்' என்றும், நான்காவது 'ஐந்தே நாள்' என்றும் பெருமையோடு அறிவித்ததைப் பார்த்த பிறகுதான் பொதுவில் எழுதத் துணிந்தேன்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. நாள்களைக் குறைத்து இந்த மலையை விற்காதீர்கள். மச்சாமே வழிக்கு ஏழு நாள், லெமோஷோ வழிக்கு எட்டு நாள், மராங்கு வழிக்கு ஆறு நாள் என்பதைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நானும் கிளம்பும் முன் நினைத்தவன்தான். அந்த ஒரு நாள் எங்கே எடுபடுகிறது, யாரிடமிருந்து எடுபடுகிறது என்பதை மலையில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஆண்டுதோறும் ஏறுகிறவர்கள். பயிற்சிக் காலத்தில், யார் எத்தனை மணிக்குப் பூண்டியில் கிளம்பினார், எத்தனை மணிக்கு ஏழாவது மலையைத் தொட்டார் என்பதே எங்கள் பேச்சாக இருந்தது. அந்தப் பயிற்சி கால்களுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழாவது மலை எந்த உயரத்தில் முடிகிறதோ, கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான், அதாவது கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் அளவில்தான், மச்சாமே நுழைவாயில் தொடங்குகிறது. தென்னிந்தியாவிலேயே மிக உயரமான ஆனைமுடியின் உச்சி 2,695 மீட்டர்; மச்சாமே வழியில் முதல் நாள் மாலை நாங்கள் கூடாரத்தில் படுத்த இடம் அதைவிட உயரம். இமயமலைப் பக்கம் போய்ப் பழகாத ஒருவருக்கு, இரண்டாம் நாள் காலை முதல் கிளிமஞ்சாரோவில் வைக்கும் ஒவ்வொரு அடியும் அவருடைய உடல் இதுவரை கண்டிராத உயரம் என்பதை நம்மில் யாரும் பயிற்சி நாள்களில் எடுத்துச் சொல்வதில்லை.

உயரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. உஹுரு சிகரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. இதை ஈடுகட்ட உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சிழுக்கிறது. அப்படி இழுக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிட, மூச்சின் வேகத்துக்கு உடலே தடை போடுகிறது. அந்தக் காரத்தைச் சிறுநீரகங்கள் மெல்ல வெளியேற்றிய பிறகே மூச்சு மறுபடி தடையின்றி ஓடும். இந்த வேலை முடியச் சில நாள் ஆகும். நாற்பது கிலோமீட்டர் ஓடக்கூடிய இளைஞருக்கும், ஓய்வுபெற்ற என்னைப் போன்றவருக்கும் சிறுநீரகம் ஒரே பொறுமையோடுதான் வேலை செய்கிறது. ஓட்டக்காரர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே முதலில் தலை சுற்றியதை எங்கள் குழுவில் பார்த்தோம்.

இதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்றும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும் என்றும் மலை மருத்துவம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். உங்கள் அறிவிப்புகளில் ஒன்று விற்கும் ஐந்து நாள் மராங்கு திட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். முதல் இரவு மண்டாரா குடில், 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720 மீட்டர். மூன்றாம் இரவு கிபோ, 4,720 மீட்டர். இரவுக்கு ஆயிரம் ஆயிரமாக, மாடிப்படி ஏறுவதுபோல் ஏற்றிவிட்டு, அந்த மூன்றாம் இரவும் முழுதாகத் தூங்கவிடாமல் நள்ளிரவில் எழுப்பி உச்சிக்கு அனுப்புகிறோம். ஆறாம் நாளைச் சேர்த்தால் ஹொரொம்போவில் இரண்டு இரவு தங்கலாம்; நடுவிலுள்ள பகலில் வரிக்குதிரைப் பாறைகள் என்று சொல்லப்படும் இடம் வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவரலாம். குடிலில் படுக்கை இருக்கிறது, மழை உள்ளே வராது என்பதால் மராங்கு சுலபமான வழி என்று நம் மக்களிடம் சொல்கிறார்கள். படுக்கைக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு?

மச்சாமே வழியில் இந்த ஏற்பாடு இயல்பாகவே நன்றாக அமைந்திருக்கிறது. மூன்றாம் நாள் ஷிரா சமவெளியிலிருந்து 4,600 மீட்டர் உயரமுள்ள லாவா டவர் வரை ஏறி, அங்கே மதிய உணவை முடித்து, மாலைக்குள் 3,960 மீட்டரிலுள்ள பரான்கோவுக்கு இறங்கிவிடுகிறோம். உயர ஏறித் தாழத் தூங்கு என்று அங்குள்ள வழிகாட்டிகள் சொல்வது இதைத்தான். ஆளுயரச் செனேசியோ மரங்கள் மூடுபனிக்குள் முக்காடிட்ட மனிதர்களைப் போல நின்றுகொண்டிருந்த அந்த மாலையில் எங்கள் பன்னிருவருக்கும் தலைவலி பெரும்பாலும் தணிந்துவிட்டது. இரவு உணவுக் கூடாரத்தில் பாட்டுக்கூட நடந்தது. கெடுத்தது அடுத்த நாள்.

ஏழு நாள் திட்டத்தில் நான்காம் நாள் பரான்கோ சுவர் என்ற செங்குத்தான பாறையை ஏறிக் கடந்து, கராங்கா முகாமில் நண்பகலோடு நடையை முடித்து, ஏறத்தாழ 4,000 மீட்டரில் தூங்கி, மறுநாள் காலை உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவுக்குப் போய்ச் சேர்ந்து, நண்பகல் முதல் ஓய்வெடுக்கலாம். ஆறு நாள் திட்டத்தில் கராங்கா மதிய உணவுக்கு நிற்கும் இடம் மட்டுமே. காலை ஏழு மணிக்குப் பரான்கோவில் கிளம்பிய நாங்கள் 4,650 மீட்டர் உயரத்திலுள்ள பராஃபுவை மாலை நாலரைக்கு அடைந்தோம். சுவாஹிலியில் பராஃபு என்றால் பனிக்கட்டி; பெயர் பொருத்தம்தான். ஆறு மணிக்கு உணவு, ஏழு மணிக்குப் படுக்கை, பதினொன்றுக்கு எழுப்பல், பன்னிரண்டுக்கு நடை. எரிமலை வாயின் விளிம்பிலுள்ள ஸ்டெல்லா முனையில் விடியல், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் உஹுரு, பிறகு பராஃபு, பிறகு 3,100 மீட்டரிலுள்ள ம்வேக்கா முகாம் வரை இறக்கம். நான்காம் நாள் காலை ஏழு மணிக்குக் கட்டிய காலணியை ஐந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு நல்லபடியாகக் கழற்றுவதற்குள் முப்பத்து நான்கு மணி நேரம் ஓடியிருந்தது. அதில் படுத்திருந்த நேரம் நான்கு மணி, தூங்கிய நேரம் எனக்கு ஒன்றுமில்லை. உச்சியில் நான் நின்றதற்குப் புகைப்படம் சாட்சி. அந்தப் பெயர்ப்பலகையின் முன் என்ன நினைத்தேன், யாரோடு பேசினேன் என்பது எதுவும் என் நினைவில் இல்லை.

இனி எங்கள் குழுவிலிருந்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவருக்கு இரண்டாம் நாள் ஷிராவிலேயே தலைவலி தொடங்கிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், கோவையில் நடந்த முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் எங்கள் ஏற்பாட்டாளர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை: "தலைவலி என்று வாயைத் திறந்தால் கைடு கீழே இறக்கிவிட்டுவிடுவான், பார்த்துக்கொள்ளுங்கள்." நகைச்சுவைக்காகச் சொன்னதுதான். ஆனால் மூன்று லட்சத்துக்கு மேல் சேமித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் அதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டோம்.

மாலைதோறும் வழிகாட்டிகள், இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி அளவெடுத்துக் குறித்துக்கொண்டார்கள். நாங்கள் அதை மதிப்பெண் பட்டியல் ஆக்கிவிட்டோம். அளவெடுக்கும் முன் வெந்நீர்க் குவளையில் கைகளைச் சூடாக்கிக்கொள்வது, ஆழ்ந்து பத்து மூச்சு இழுத்துக்கொள்வது என்று தந்திரங்கள் பரவின. எண்பத்தெட்டு வந்தவர் எண்பத்திரண்டு வந்தவரைக் கேலி செய்தார். நானும் வெந்நீரில் கை வைத்தவன்தான், அதை மறைக்க விரும்பவில்லை. அசெட்டசோலமைடு மாத்திரையை, நாம் டையமாக்ஸ் என்று அழைப்பதை, மருத்துவரைப் பார்க்காமலே மருந்துக்கடையில் மொத்தமாக வாங்கி ஏற்பாட்டாளர் எல்லோருக்கும் பங்கிட்டுத் தந்திருந்தார். அது சிறுநீரகத்தின் வேலையைச் சற்று விரைவுபடுத்தும், அவ்வளவே. நடக்காத நாளை நடந்த நாளாக்கிவிடாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைத் தொடும் முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும் என்பதை எங்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

பராஃபுவில் ஆசிரியை வாந்தியெடுத்தார். தலைமை வழிகாட்டி, மராங்கு பக்கத்து சாகா இனத்தவர், இருபது ஆண்டுகளாக இந்த மலையில் நடப்பவர், அவரை எழுப்பி, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னார். அவரால் நான்கு அடிக்கு மேல் முடியவில்லை. இன்றிரவே கீழே போக வேண்டும் என்றார் வழிகாட்டி. களைப்புதான், உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும், இவ்வளவு செலவு செய்து வந்தவரை உச்சிக்கு ஒரு நாள் தூரத்தில் நிறுத்தலாமா என்றார் ஏற்பாட்டாளர். அரைமணி நேரம் வாதம் நடந்தது. அந்த வழிகாட்டிக்கு வேலை கொடுத்திருப்பது உள்ளூர் நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்கு மூன்று குழுக்களைத் தருபவர் எங்கள் ஏற்பாட்டாளர். யார் சொல் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

5,200 மீட்டர் அளவில் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அடையாளம் அது என்பதைத் திரும்பி வந்து படித்துத்தான் அறிந்தேன். இருட்டில் அந்த உயரத்துக்கு ஹெலிகாப்டர் வராது. துணை வழிகாட்டி ஒருவரும் இரண்டு போர்ட்டர்களும் அவரைத் தோளில் தாங்கிப் பராஃபுவுக்கு இறக்கி, ஆக்சிஜன் கொடுத்து, அங்கிருந்து ஒற்றைச் சக்கரம் பொருத்திய தூக்குப்படுக்கையில் கட்டி, கற்பாதையில் 3,800 மீட்டரிலுள்ள மில்லேனியம் முகாம் வரை கொண்டுபோனார்கள். இறங்க இறங்கத் தெளிவு வந்தது. காலையில் அவர் தேநீர் கேட்டதாக அந்தத் துணை வழிகாட்டி எங்களிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. அந்த மூவரும் உச்சிக்குப் போகாததால் அவர்களுக்கு உரிய உச்சி நாள் அன்பளிப்பைக் குறைக்கலாமா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இது எங்கள் குழுவின் கெட்ட நேரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1996 முதல் 2003 வரை கிளிமஞ்சாரோவில் இறந்த சுற்றுலாப் பயணிகளைப் பற்றி மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, 25 மரணங்களில் 14 மரணங்களுக்கு உயர நோயே காரணம் என்று கண்டார்கள். மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ தெரிந்த அந்த மணியிலேயே கீழே இறங்குவதுதான் இந்த நோய்க்கு முதல் மருந்து. இறங்கு என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தும், அவர் சொல்லை விலை கொடுத்தவர் தடுக்க முடிகிறது என்பதே என்னை இன்றும் உறுத்துகிறது. பூங்கா விதிப்படி உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் இந்த மலையில் ஏற முடியாது. வழிகாட்டியைக் கட்டாயமாக்கிய அந்த விதியோடு, அவர் சொல்லும் கட்டாயம் என்ற வரியை நாம்தான் ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

நாள்கள் ஏன் குறைகின்றன என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான் வங்கியில் முப்பது ஆண்டு கணக்குப் பார்த்தவன். அன்று நடப்பில் இருந்த பூங்காக் கட்டணம் இது: வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பாதுகாப்புக் கட்டணம் 70 டாலர், கூடாரத்தில் தங்கும் ஓர் இரவுக்கு 50 டாலர், பயணம் ஒன்றுக்கு மீட்புக் கட்டணம் 20 டாலர், இவற்றின் மேல் 18 விழுக்காடு வரி. ஆறு நாள், ஐந்து இரவு என்றால் வரியோடு சுமார் 814 டாலர். ஏழு நாளுக்கு 956. எட்டு நாளுக்கு 1,097. ஒரு நாளைக் குறைத்தால் தலைக்கு 140 டாலருக்கு மேல் மிச்சம். அந்த நாளின் சாப்பாடும் கூலியும் வேறு மிச்சம். விலையைக் கீழே கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பூங்காவிடம் யாரும் பேரம் பேச முடியாது என்பதால், பேரம் முழுவதும் மிச்சமிருக்கும் தொகையின் மேல்தான் விழுகிறது.

எங்கள் குழுவை உள்ளூர் நிறுவனம் தலைக்கு 1,350 டாலருக்கு ஒப்புக்கொண்டது என்று பின்னால் தெரியவந்தது. 814 போக மிஞ்சுவது 536. பன்னிரண்டு பேருக்கு எங்களோடு வந்த பணியாளர்கள் நாற்பத்து நான்கு பேர். அவர்கள் கூலி, ஐம்பத்தாறு வாய்களுக்கு ஆறு நாள் உணவு, மலையடிவார நகரமான மோஷியிலிருந்து வண்டி, கூடாரம், எரிவாயு, ஆக்சிஜன் உருளை, நிறுவனத்தின் இலாபம் எல்லாம் அந்த 536-க்குள் அடங்கியாக வேண்டும். எங்கே அடங்கியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். என் பையைச் சுமந்த இருபத்திரண்டு வயது இளைஞர் அணிந்திருந்தது தேய்ந்த கேன்வாஸ் காலணி. இரண்டாம் நாள் பெய்த மழையில் அவருக்கு மழைச்சட்டை இல்லை. குப்பை போடும் பெரிய உறையைக் கிழித்துத் தலையில் மாட்டிக்கொண்டார். நாங்கள் இரவு உணவை முடித்து எழுந்து போகும்வரை உணவுக் கூடாரத்துக்கு வெளியே குளிரில் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். அந்தக் கூடாரத்தில்தான் அவர்கள் படுக்க வேண்டும். இது தெரியாமல் முதல் இரண்டு இரவும் நாங்கள் ஒன்பதரை மணி வரை அங்கே சீட்டாடிக்கொண்டிருந்தோம். மூன்றாம் இரவு ஒருவர் வெளியே போனபோதுதான் கண்டார்.

நிறுவனத்துக்காக ஒரு போர்ட்டர் சுமக்கும் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. மச்சாமே வாயிலில் தராசு தொங்குகிறது. ஒவ்வொரு மூட்டையும் நிறுக்கப்படுகிறது. நிறுத்துக் கடந்த கொஞ்ச தூரத்திலேயே மூன்று மூட்டைகள் இரண்டாகி, ஓர் ஆள் கீழே திரும்பிப் போனதை எங்களில் பலர் கண்டோம். அதற்கு என்ன பொருள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்டவரின் கூலி மிச்சம், அவருடைய சுமை மற்ற இருவர் தலையில்.

நாங்கள் கூட்டிய எடையையும் சொல்லிவிடுகிறேன். பயணியின் பை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித்தான் கொடுத்தார்கள். ஆனால் பொதுச் சாமான் என்ற பெயரில் அரிசி ஐந்து கிலோ, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித்தொக்கு, மூன்று வகை ஊறுகாய், முறுக்கு, அதிரசம், இவற்றோடு ஒரு குக்கரும் ஏறின. தொக்கு மட்டும் கண்ணாடிப் புட்டிகளில் இருந்தது! அங்குள்ள சமையல்காரர்கள் வெள்ளரிக்காய் சூப்பும் வறுத்த சோளப்பொரியும் உருளைக்கிழங்கும் தினம் சூடாகத் தந்தார்கள். 4,000 மீட்டருக்கு மேல் பசியே இல்லாததால் எங்களில் யாரும் புளிச்சோற்றைத் தொடக்கூட இல்லை. பருப்புப்பொடி ஒரு பொட்டலம் போதும் என்பது என் அனுபவம். மிச்சமெல்லாம் ஓர் இளைஞரின் கழுத்தில் ஏறி இறங்கிய வெறும் பாரம்.

கூலியின் கீழ்வரம்பாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது நாளுக்கு 20,000 தான்சானிய ஷில்லிங். அப்போதைய மதிப்பில் எட்டு டாலர் அளவு. இது போர்ட்டர் கையில் போய்ச் சேருகிறதா என்று கண்காணிப்பதற்காகவே மோஷியில் கிளிமஞ்சாரோ போர்ட்டர் உதவித் திட்டம் என்ற அமைப்பு 2003 முதல் இயங்குகிறது. தங்களிடம் பங்காளியாகச் சேரும் நிறுவனங்களின் பயணங்களில், கூலி, உணவு, படுக்கும் கூடாரம், சுமை எடை ஆகியவற்றைப் போர்ட்டர்களிடமே விசாரித்து மதிப்பிடுகிறது. குளிருடை இல்லாத போர்ட்டர்களுக்கு இரவலாகவும் கொடுக்கிறது. அந்தப் பங்காளிகளின் பட்டியல் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதிலுள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் 1,350 டாலருக்கு மலை கிடைக்காது என்பது உண்மை. கிடைக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

அன்பளிப்பு விஷயத்திலும் ஒரு வார்த்தை. நாங்கள் திரட்டிய தொகை ஓர் உறையில் தலைமை வழிகாட்டியிடம் போனது. என் பையைச் சுமந்தவருக்கு அதில் எவ்வளவு கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. ம்வேக்கா வாயிலில் எல்லோரையும் நிற்கவைத்து, போர்ட்டருக்கு இவ்வளவு, சமையல்காரருக்கு இவ்வளவு, வழிகாட்டிக்கு இவ்வளவு என்று உரக்கப் படித்துக் கொடுக்கும் வழக்கம் சில குழுக்களில் இருப்பதை அன்றே பக்கத்தில் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் இரண்டு பதில்களையும் நான் கேட்டிருக்கிறேன். ஒன்று, நம்மவர்களுக்கு விடுமுறை கிடைக்காது, போக வரப் பயண நாளோடு சேர்த்து ஒன்பது நாளுக்கு மேல் யாரும் வர மாட்டார்கள் என்பது. அப்படியானால் ஒன்பது நாளில் செய்யக்கூடிய வேறு மலைகளைச் சொல்லுங்கள். கிளிமஞ்சாரோவை ஒன்பது நாளுக்குள் மடித்துவைக்க வேண்டாம். இந்த மலையின் உச்சியை உலகிலேயே முதலில் எட்டிய ஹான்ஸ் மேயர் 1887-இல் பனிச்சுவர் வரை போய்த் திரும்பினார். அடுத்த ஆண்டு மலையையே நெருங்க முடியாமல் கலகக்காரர்களிடம் சிறைப்பட்டார். 1889-இல் மலைமேலேயே தங்குமுகாம்கள் அமைத்து, உணவு கீழிருந்து வந்துகொண்டே இருக்கும்படி ஏற்பாடு செய்து, முயற்சி தவறினால் கீழே இறங்காமல் அங்கேயே தங்கி மறுபடி ஏறும் வசதியோடு போன பிறகுதான் அக்டோபர் 6 அன்று லுட்விக் புர்ட்ஷெல்லருடன் உச்சியை அடைந்தார். அவருக்கே மலைமேல் தங்க நேரம் தேவைப்பட்டது. இரண்டாவது பதில், ஆறு நாளிலும் பெரும்பாலோர் ஏறிவிடுகிறார்களே என்பது. எங்கள் பன்னிருவரில் எட்டுப் பேர் ஏறினோம். இருவர் ஸ்டெல்லா முனையில் திரும்பினார்கள், ஒருவர் பராஃபுவைவிட்டே கிளம்பவில்லை, ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். திரும்பி வந்த பிறகு எங்கள் ஏற்பாட்டாளர் வெளியிட்ட பதிவில் எட்டுப் பேரின் படம் மட்டும் இருந்தது.

ஆகவே அடுத்த அறிவிப்பை எழுதும்போது இவற்றையும் எழுதுங்கள். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் தூங்கப் போகிறோம் என்பதைப் படத்தோடு போடுங்கள். வாங்குகிறவர் தாமே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்வார். சென்ற பயணங்களில் எத்தனை பேர் கிளம்பி எத்தனை பேர் எந்த முகாமிலிருந்து திரும்பினார்கள் என்பதைச் சொல்லுங்கள். பூங்காக் கட்டணம், உள்ளூர் நிறுவனத்துக்குப் போவது, உங்கள் பங்கு ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டுங்கள். உங்கள் உழைப்புக்கு நீங்கள் எடுப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. காப்பீட்டுத் தாளில் 6,000 மீட்டர் வரையிலான மலைநடையும் மீட்பும் அடங்குமா என்பதை ஒவ்வொருவரும் வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட வையுங்கள், ஏனெனில் பல காப்பீடுகள் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்கு என்று தலைமை வழிகாட்டி சொன்னால் அதை மாற்ற ஏற்பாட்டாளருக்கோ பயணிக்கோ உரிமை இல்லை என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்து, அதை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். தலைவலியைச் சொல்பவர் குழுவுக்கு உதவுகிறார் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லுங்கள். முன்பு சொன்ன நகைச்சுவையை விட்டுவிடுங்கள்.

அந்த ஆசிரியை நலமாக இருக்கிறார். வரும் ஜனவரியில் லெமோஷோ வழியாக எட்டு நாள், போர்ட்டர் உதவித் திட்டத்தின் பங்காளி நிறுவனம், வழிகாட்டி சொல்லே முடிவு என்ற மூன்றும் எழுத்தில் உள்ள குழு எதுவும் உங்களில் யாரிடமாவது இருந்தால், அவர் பெயரையும் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பைகளை வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டோம். அவருடையது 11 கிலோ, என்னுடையது 12. தொக்கு இல்லை.

இப்படிக்கு,
2023-இல் உங்களில் ஒருவரோடு மச்சாமே வழி ஏறி இறங்கியவன்,
கோயம்புத்தூர்.